கொட்டாங்குச்சிக்கு அடியில்

ஐம்பத்திரண்டு வருஷமாகச் சேர்த்த நல்ல பெயரைத் தொலைக்க சத்தியநாதன் எடுத்துக்கொண்ட நேரம், சரியாக இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவருக்கு அது தெரியாது. பெருங்களத்தூர் அபார்ட்மென்டிலிருந்து கிளம்பி, வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்து, கோவளம் தாண்டிக் கடலோரமாகப் போய்க் காரை நிறுத்தும்வரை அவர் மனசில் இருந்தது ஒரே ஒரு பலகைதான்.

கிளப் வராந்தாவில் மாட்டியிருக்கும் தேக்குப் பலகை. கம்பெனிகளுக்கு நடுவே வருஷா வருஷம் நடக்கும் கோல்ஃப் போட்டியில் ஜெயித்தவரின் பெயரை அதில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். பதினாலு வருஷம், பதினாலு பெயர். மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்யும் அவருடைய கம்பெனியிலிருந்து ஒருத்தர் பெயர்கூட அதில் இல்லை.

"சத்யா, இந்த வருஷமாவது அந்த போர்டுல நம்ம பேர் வரட்டும்யா" என்று போன வாரம் எம்.டி. சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் யாரும் மறந்து பிழைத்ததில்லை.

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பிறந்தவர் சத்தியநாதன். நாற்பத்தாறு வயசில்தான் முதன்முதலாக கோல்ஃப் மட்டையைத் தொட்டார். முதல் வருஷம் முழுக்க எம்.டி.க்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். ஆபீஸில் அவர் காதுபடவே 'குடை சத்யா' என்றார்கள். ஆறு வருஷம் பயிற்சி எடுத்தும், கையில் குடை இல்லாமல் போயும், அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. பலகையில் பெயர் ஏறினால் இது இறங்கும் என்று நம்பினார்.

ஊருக்குள் இருக்கும் கோல்ஃப் மைதானம் வேறு, இது வேறு. அங்கே மரம் உண்டு, நிழல் உண்டு. இங்கே கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஏறி இறங்கும் மணல்மேடு, அதன்மேல் குட்டைப்புல், ஓரமெல்லாம் தாழம்புதர். லிங்க்ஸ் என்று சொல்வார்கள். பந்தை அடிப்பதுதான் நம் வேலை. அது எங்கே போய் விழ வேண்டும் என்பதைக் கடல்காற்று பார்த்துக்கொள்ளும்.

ஆட்டம் தொடங்குமுன் மைதானத்து சூப்பர்வைசர் மாரி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். கோவளத்துக்காரர், கழுத்தில் விசில்.

"சார், ஒரு நிமிஷம் காது குடுங்க. இங்க பை தூக்குற கேடி கெடையாது. பையை அவங்கவங்களே தள்ளிக்கினு போவணும். ரெண்டு பேருக்கு ஒரு ஸ்பாட்டர் முன்னாடி நின்னுகினு பால் எங்க வுழுதுன்னு பாப்பாரு. பால் கெடச்ச எடத்துல செவப்புக் கொடி நடுவாரு. அப்புறம் முக்கியமான மேட்டர், காக்கா. முட்டைன்னு நெனச்சுத் தூக்கினு பூடுது சார், ஒரே பேஜார். அதனால ஸ்பாட்டர் உங்க பாலைக் கொட்டாங்குச்சி போட்டு மூடிட்டுத்தான் அடுத்த பாலைத் தேடப் போவாரு. நீங்க வந்து தொறந்துட்டு ஆடலாம், பெனால்டி இல்ல. குப்பைன்னு நெனச்சுத் தாண்டிப் போயிடாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சத்தியநாதன் சிரிக்கவில்லை. அவர் இருபதடி தள்ளி, ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக நின்றிருந்தார்.

"யெஸ் சார்... ஷ்யூர் சார்... நாளைக்குப் பரிசளிப்புக்கு நீங்க அவசியம் வரணும் சார்..."

எம்.டி.யிடம் பேசிவிட்டு அவர் போனைப் பாக்கெட்டில் போட்டபோது மாரி பேசி முடித்திருந்தார்.

ஜோடியாக ஆட வந்தவர் தோத்தாத்ரி. வேறொரு பெரிய கம்பெனியின் வைஸ் பிரசிடென்ட். அறுபதைத் தொட்டவர், நாக்கில் எப்போதும் ஒரு கிண்டல். விதிப் புத்தகத்தை மட்டும் கிண்டல் செய்ய மாட்டார்.

"நமஸ்காரம் ஓய். உம்ம ஸ்கோர் கார்டை நான் எழுதணும், என் கார்டை நீர் எழுதணும். கடைசியில ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். கல்யாண ரிஜிஸ்டர் மாதிரி. அப்புறம் இல்லேன்னு சொல்ல முடியாது, ஆமா."

இவர்கள் இருவருக்கும் ஸ்பாட்டராக வந்தவன் பச்சை மேல்சட்டையில் 11 என்று எண் போட்டிருந்தான். கையில் சிவப்புக் கொடிகள், தோள்பையில் நாலைந்து கொட்டாங்குச்சி.

அவன் பெயர் சாலமன். சத்தியநாதனுக்கு நன்றாகத் தெரிந்தவன்.

சொல்லப்போனால் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். பெருங்களத்தூர் தேவாலயத்தில் சத்தியநாதன் சபைச் செயலர். சாலமன் ஞாயிறுதோறும் ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து வருகிறவன். பம்மலில் தோல் பதனிடும் கம்பெனியில் இருந்தான், அதை மூடிவிட்டார்கள், இப்போது எங்கேயோ வேலைக்குப் போகிறான் என்பதுவரை சத்தியநாதனுக்குத் தெரியும். அந்த 'எங்கேயோ' இந்த இடம் என்று தெரிந்தது நேற்று, வெள்ளிக்கிழமை, பயிற்சிக்கு வந்தபோதுதான்.

மணல் குழியைச் சீப்புக் கட்டையால் வாரிக்கொண்டிருந்தவன், இவரைப் பார்த்ததும் கட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணா! நீங்களா? இன்னாண்ணா இந்தப் பக்கம்?"

பக்கத்தில் இரண்டு பெரிய கம்பெனி ஆட்கள். சத்தியநாதனுக்கு முகம் சூடாகிவிட்டது. அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"சாலமன், இங்க சபை அது இதுன்னு பேச்செல்லாம் வேண்டாம். இங்க சார்னே கூப்பிடு. சரியா?"

சாலமன் சிரித்துக்கொண்டிருந்த வாயை உடனே மூடத் தெரியாமல் சிரமப்பட்டான். பிறகு, "சரிங்க... சார்" என்றான்.

பதினெட்டு ஹோலில் பதினாறு முடிந்தபோது சத்தியநாதன் மற்ற எல்லோரையும்விட ஒரே ஒரு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தார். அவர் வாழ்நாளில் இப்படி ஆடியதில்லை. காற்றுக்குக் கீழே பந்தைத் தாழ்வாக அடித்தார். மேட்டில் பட்டு உருளவிட்டார். பந்து ஒவ்வொரு தடவையும் கண்ணெதிரிலேயே விழுந்ததால் சாலமனின் கொட்டாங்குச்சிக்கு வேலை வரவில்லை. சட்டை உப்பில் மொடமொடவென்று நின்றது.

பதினேழாவது ஹோலுக்கு மைதானத்து ஆட்கள் வைத்திருந்த பெயர் 'மாமியார்'. எப்படி அடித்தாலும் குறை சொல்லும். இடது பக்கம் ஆள் உயர மணல் குழி, வலது பக்கம் மணல்மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் தாழம்புதர், அதற்கும் அந்தப் பக்கம் கடல்.

"மாமியார் இன்னிக்கு நல்ல மூடுல இல்லே ஓய்" என்றார் தோத்தாத்ரி, பறக்கும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு.

சத்தியநாதன் அடித்தார். பந்து நேராகத்தான் கிளம்பியது. பாதி தூரத்தில் யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிட்டதுபோல் வலது பக்கம் திரும்பி, மேட்டைத் தாண்டி மறைந்தது.

மேட்டின் உச்சியில் நின்றிருந்த சாலமன் அந்தப் பக்கம் இறங்கினான். தோத்தாத்ரி அடித்த பந்து இடது பக்க மணல் குழியில் போய் விழுந்தது. சாலமன் மறுபடி மேலே வந்து, இறங்கி, அதைப் பார்க்க இடது பக்கம் ஓடினான்.

சத்தியநாதன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறிப் பார்த்தார்.

கொடியைக் காணோம்.

இவர் வருவதற்குள் காற்று கொடியைப் பிடுங்கித் தாழம்புதருக்குள் எறிந்துவிட்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. அவர் பார்த்தது புல், முள், புதர்மேல் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்த ஒரு காக்கா. அவ்வளவுதான்.

"மூணு நிமிஷம் ஓய்!" இடது பக்கத்திலிருந்து தோத்தாத்ரியின் குரல் காற்றில் வந்தது. "ஆரம்பிச்சாச்சு, வாட்ச் பார்த்துண்டிருக்கேன்! என் பாலை முடிச்சுட்டுத் தேட வரேன்!"

மூன்று நிமிஷத்தில் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாகக் கணக்கு. ஆரம்பித்த இடத்துக்கே போய் மறுபடி அடிக்க வேண்டும், அபராதமாக ஓர் அடி கூட. முன்னால் இருப்பது ஒரே அடி. அதோடு பலகை போச்சு.

குனிந்து தேடினார். மட்டையால் முள்ளை விலக்கினார். ஒரு நிமிஷம். புல்லில் ஒரு கொட்டாங்குச்சி கவிழ்ந்து கிடந்தது. யாரோ இளநீர்க்காரன் போட்ட குப்பை என்று அதைத் தாண்டிப் போனார்.

இரண்டு நிமிஷம். எம்.டி.யின் சிரிப்பு ஞாபகம் வந்தது. குடை ஞாபகம் வந்தது.

இரண்டு நிமிஷம் முப்பது. கால்சட்டைப் பாக்கெட்டில் இன்னொரு பந்து இருந்தது. அதே கம்பெனி. அவருடைய எல்லாப் பந்துகளையும்போல அதிலும் நீல மையில் ஒரு சின்னச் சிலுவை. தன் பந்தை அடையாளம் தெரிந்துகொள்ள அவரே போட்டது. திரும்பிப் பார்த்தார். மேட்டில் யாரும் இல்லை.

பாக்கெட்டுக்குள் போன கை வெளியே வந்து, கீழே தாழ்ந்து, வெறுங்கையாக நிமிர்ந்தது. காலடியில் புல்லின்மேல் பந்து இருந்தது.

"இருக்கு!" என்று கத்தினார். "கிடைச்சிருச்சு!"

அந்தக் குரல் அவருக்கே யாருடையதோபோல் இருந்தது. காக்கா எழுந்து பறந்தது.

ஜெயித்துவிட்டார்.

பதினெட்டாவது ஹோல் முடிந்ததும் தோத்தாத்ரி தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தார். கார்டை வரிசையாகச் சரிபார்த்தார். "பதினேழு... நாலு அடி. மாமியார்கிட்ட நாலா! பேஷ், பேஷ். உம்ம பேரு பலகையில ஏறியாச்சு ஓய்." பேனாவைத் திறந்து அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். சத்தியநாதனும் போட்டார். பேனா பிசிறவில்லை.

அப்போதுதான் சாலமன் பதினேழாவது ஹோல் மேட்டிலிருந்து ஓடி வந்தான். வலது கை முழுக்கக் கீறல், ரத்தம் முத்து முத்தாக நின்றது. ஒரு கையில் சிவப்புக் கொடி, கொட்டாங்குச்சி. இன்னொரு கையில் பந்து.

"சார்! உங்க பால் சார்! மூடி வெச்சுட்டு அந்தாண்ட போனேன், அத வுட்டுட்டு வந்துட்டீங்களே! கொடி காத்துல பூட்ச்சு சார், தாழம்முள்ளுல பூந்து எடுத்துகினு வந்தேன்."

தோத்தாத்ரி பந்தை வாங்கி உருட்டிப் பார்த்தார். நீலச் சிலுவை. சத்தியநாதன் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். நீலச் சிலுவை.

"இது என்ன ஓய்?"

சத்தியநாதனின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"அதுவா... நேத்து பிராக்டிஸ்ல தொலைச்ச பால் சார். இதே பதினேழுலதான்."

எவ்வளவு சுலபமாக வந்தது! சொல்லி முடித்த பிறகுதான், பக்கத்தில் மாரி நிற்பதைப் பார்த்தார்.

"நேத்து தொலஞ்ச பாலா?" மாரியின் முகம் மாறியது. "சாலமா, நேத்து கெடச்ச பாலை நேத்து சாயங்காலமே ஆபீஸ்ல குடுக்கணுமா இல்லியா? கொட்டாங்குச்சி போட்டு மூடி வெச்சுட்டு, ஆட்டம் முடிஞ்சதும் எடுத்து வெளிய விக்கிறது, அதானே? போன மாசம் இதே மேட்டருக்கு ரெண்டு பேரை அனுப்பினேன். நீ யோக்கியன்னு நெனச்சேனேடா!"

தன் பொய் போய் நின்ற இடத்தை சத்தியநாதன் பார்த்தார். ஒரு பந்தைக் காப்பாற்றச் சொன்னது, ஓர் ஆளைத் திருடனாக்கிவிட்டது.

"மாரிண்ணா, சத்தியமா இது இன்னிக்கு வுழுந்த பாலு" என்றான் சாலமன். "கொடி நட்ட எடத்துல, நல்ல புல்லுல, ஹோல் கீற கிரீனுக்கு நேரா அழகா கெடந்துச்சு. காக்கா ஒண்ணு பாத்துகினே இருந்துச்சு, அதான் மூடினேன்."

நல்ல புல்லில். கிரீனுக்கு நேராக. சத்தியநாதனுக்கு அந்தக் கொட்டாங்குச்சி கண்ணில் வந்து நின்றது. அதைத் தாண்டி வைத்த தன் கால் வந்து நின்றது. குனிந்து புரட்டியிருந்தால் போதும், நேர்மையாகவே ஜெயித்திருப்பார்.

"சாரே சொல்வாரு" என்று சாலமன் அவர் பக்கம் திரும்பினான். அந்த முகத்தில் பயமே இல்லை. தெரிந்த மனுஷன் ஒருத்தர் இருக்கிறார் என்ற நிம்மதிதான் இருந்தது. "சொல்லுங்க சார்."

தோத்தாத்ரி பார்த்தார். மாரி பார்த்தார். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள்.

சத்தியநாதன் தன் ஷூவைப் பார்த்தார். அதில் மணல் ஒட்டியிருந்தது.

"எனக்கு... சரியா ஞாபகம் இல்ல."

சாலமன் இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு பச்சை மேல்சட்டையைக் கழற்றி, ரத்தம் படாமல் நாலாக மடித்து, மாரி கையில் கொடுத்தான். கொட்டாங்குச்சியை அதன்மேல் வைத்தான்.

திரும்பி வரும்போது கேளம்பாக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. இடது பக்கம் பஸ் ஸ்டாப். கூட்டத்துக்கு நடுவில் துணிப்பையோடு சாலமன். வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தான். காரில் மூன்று இடம் காலி. போகிற வழியும் ஒன்றே. ஊரப்பாக்கம், பெருங்களத்தூருக்கு இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளி.

சாலமன் காரைப் பார்த்தான். சத்தியநாதன் போனை எடுத்து, வராத ஒரு செய்தியைப் படித்தார். அந்த சிக்னலைப்போல நீளமான சிக்னலை அவர் பார்த்ததில்லை.

வீட்டில் கதவைத் திறக்கும்போதே மனைவி ஞானசௌந்தரி கை தட்டினாள். "ஷெர்வின், அப்பா ஜெயிச்சிட்டாருடா! ஏங்க, கிளப்லேருந்து நீங்க அனுப்பின போட்டோவை அப்பவே சபை வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். எத்தனை வாழ்த்து பாருங்க! ஆயரே போட்டிருக்கார், 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்'னு."

நாற்பத்தேழு வாழ்த்து. கைதட்டல், கோப்பை, பூங்கொத்து. சத்தியநாதன் மனைவியின் போனை வாங்கி, அந்தச் செய்தியை யார் யார் படித்தார்கள் என்று பட்டியலைத் திறந்தார். கீழே போய்க்கொண்டே இருந்தார்.

'சாலமன் ஊரப்பாக்கம். படித்தது: மாலை 4.52.'

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயிலில் ஆடினது என்று மனைவி மோர் கொடுத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணி ஆராதனை. திருவிருந்து ஞாயிறு.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். திருவிருந்துக்கு முன்னால் ஆயர் தன் இரண்டு கைகளையும் கூப்பி நீட்டுவார். செயலர் அதைத் தன் கைகளுக்குள் வாங்குவார். அதுதான் சமாதானம். வாங்கியதைக் கொண்டுபோய் ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்தில் நிற்பவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அந்தக் கைகள் பட்டதும் தீர்ந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பதினோரு வருஷமாக சத்தியநாதன் அதைப் பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்து வருகிறார். ஒருநாளும் அந்தக் கைகள் கனத்ததில்லை.

இன்று கூப்பிய கைகளைப் பார்த்தார். ஆறு வருஷமாக இடது கைக்கு மட்டும் கோல்ஃப் கையுறை. வலது கை வெயிலில் கறுத்து, இடது கை வெளுத்து, இரண்டு வேறு மனிதர்களின் கையைச் சேர்த்து வைத்ததுபோல் இருந்தது.

முதல் பெஞ்சு. இரண்டாவது. "வாழ்த்துகள் சார்" என்று ஒருவர் குசுகுசுத்தார். ஒன்பதாவது பெஞ்சின் ஓரத்தில் சாலமன் நின்றிருந்தான். வழக்கமாக உட்காரும் அதே இடம். அவன் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். வராமலே இருந்திருக்கலாம்.

சாலமன் கைகளை நீட்டினான். வலது கையில் நெடுக, கறுத்துப்போன கீறல்கள். முகத்தில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒரு கடமையைச் செய்ய நிற்கிறவனின் முகம்.

சத்தியநாதனின் கைகள் பாதி வழியில் நின்றுவிட்டன. 'சமாதானம்' என்று சொல்ல வேண்டும். நேற்று அவ்வளவு சுலபமாகத் திறந்த வாய் இன்று திறக்கவில்லை. பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள். ஆயர் நிமிர்ந்து பார்த்தார்.

கடைசியில் சாலமனே கைகளை முன்னால் கொண்டுவந்து, அவர் கைகளைப் பற்றிவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் திரும்பிக்கொண்டான். கீறலின் பொருக்கு சத்தியநாதனின் வெளுத்த கையில் சொரசொரவென்று உரசியது.

மீதிப் பெஞ்சுகளுக்கு எப்படிக் கொடுத்தார் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. திருவிருந்துக்கு எல்லோரும் முழங்காலிடப் போனபோது அவர் போகவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்திருந்தார்.

"நான் தனியாப் போறேன். நீங்க யாரும் கிளப்புக்கு வர வேண்டாம்" என்றார் மனைவியிடம்.

"ஐயோ, பட்டுப் புடவை எடுத்து வெச்சிருக்கேனே! ஏன், என்ன ஆச்சு?"

"வந்து சொல்றேன் சௌந்தரி."

மதியம் பன்னிரண்டரைக்குப் பரிசளிப்பு. முதல் வேலையாக வராந்தாவில் தோத்தாத்ரியைத் தேடிப் பிடித்தார். சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் வேறு எங்கேயாவது போய்விடுவோம் என்று தெரியும்.

"சார், பதினேழுல நான் ஆடினது என் பால் இல்ல. பாக்கெட்டுலேருந்து எடுத்துப் போட்டேன். கொட்டாங்குச்சிக்கு அடியில இருந்ததுதான் என் பால்."

தோத்தாத்ரி கிண்டல் எதுவும் செய்யவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான் கையெழுத்துப் போட்டேனே ஓய்" என்றார். "அந்த நாலுக்குக் கீழே இருக்கிறது என் கையெழுத்து. என்னையும்னா பொய்யனாக்கிட்டீர்."

அதற்குப் பதில் அவர் கத்தியிருக்கலாம்.

கிளப் கமிட்டியார் கூடிப் பேசினார்கள். சத்தியநாதனின் கார்டு ரத்து. இரண்டு வருஷம் அந்த மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. சத்தியநாதன் மைக்கைக் கேட்டு வாங்கினார். முன்வரிசையில் எம்.டி. உட்கார்ந்திருந்தார்.

"நேத்து நான் தப்பாட்டம் ஆடினேன். அதை மறைக்கப் பொய்யும் சொன்னேன். பதினோராம் நம்பர் ஸ்பாட்டர் மேல எந்தத் தப்பும் இல்ல. எல்லாத் தப்பும் என்னுது."

யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. எம்.டி. எழுந்து, காருக்குப் போகிற வழியில் இவர் பக்கம் திரும்பாமலே, "திங்கட்கிழமை பேசலாம்" என்றார். சிரிக்கவில்லை.

கோப்பை தோத்தாத்ரிக்குப் போனது. அவர் அதை ஏதோ கசங்கிய துணியை வாங்குவதுபோல் வாங்கினார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால் சாலமனின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. வழி கேட்டுத்தான் வந்தார். சாலமனின் மனைவி ஜீவிதா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவளுக்கு விஷயம் தெரியும் என்பது, துடைத்த விதத்திலேயே தெரிந்தது.

"உக்காருங்க சார்" என்றான் சாலமன்.

"கிளப்புக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன் சாலமன். மைக்ல. எம்.டி. முன்னாடி. எல்லார் முன்னாடியும்."

ஒரு பாரத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது அவருக்கு. கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

"இன்னான்னு சொன்னீங்க சார்?"

"பதினோராம் நம்பர் ஸ்பாட்டர் மேல எந்தத் தப்பும் இல்லன்னு."

சாலமன் மனைவியைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான். அவன் சிரிக்கிறானா என்று ஒரு கணம் சத்தியநாதனுக்குப் புரியவில்லை.

"பதினோராம் நம்பர் சட்டையத்தான் நேத்தே கழட்டிக் குடுத்துட்டேனே சார். இன்னிக்குக் காலைல அத வேற ஆளு மாட்டிகினு கீறானாம், கூட வேல செய்யறவன் போன்ல சொன்னான். முட்டுக்காட்டுப் பையன், புதுசு. அவன் மேல எந்தத் தப்பும் இல்லன்னு சொல்லிட்டு வந்துகீறீங்க."

"மாரிக்கு... மாரிக்குத் தெரியுமே..."

"மாரிண்ணனுக்குத் தெரியும். அங்க குந்தினு இருந்த மத்தவங்களுக்கு? நேத்து என்னைய சுத்தி நின்னு பாத்தாங்களே சார், அவங்களுக்கு?" அவன் குரலை உயர்த்தவே இல்லை. "எம்பேரு தெரியாதா சார் உங்களுக்கு?"

மின்சார ரயில் ஒன்று வீட்டை உலுக்கிக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. அதற்காக சத்தியநாதன் ரயிலுக்கு நன்றியோடு இருந்தார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக நினைத்திருந்தார். ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை இவனைத் தனியே தள்ளிக்கொண்டு போய் மறைக்கச் சொன்னாரே, அதை. இவனைத் தெரியும் என்பதை.

போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"மாரி, நான் சத்தியநாதன். நேத்து நீங்க அனுப்பின ஆளோட பேரு சாலமன். ஊரப்பாக்கம். எங்க சபையைச் சேர்ந்தவர். பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியும். திருடுற ஆள் இல்ல. கிளப் நோட்டீஸ் போர்டுல நான் எழுதி ஒட்டணும்னாலும் ஒட்டறேன், பேர் போட்டு. என் பேரும் போட்டு."

போனில் கடல்காற்று இரைந்தது.

"பன்னெண்டு வருஷமாவா?" என்றார் மாரி. "அந்தாளு உங்க மூஞ்சியவே பாத்துகினு நின்னானே சார். ஒரு வாட்டி கூட உங்கள தெரியும்னு எங்கிட்ட சொல்லலியே. நீங்களும் சொல்லல. ஏன் சார்?"

சத்தியநாதன் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார். பக்கத்தில் சாலமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி, எழுதிக் குடுங்க, நானே ஒட்டறேன்" என்றார் மாரி கடைசியில். "செவ்வாக்கெழம வரச் சொல்லுங்க அவன. சட்டை நம்பர் வேற தரேன்."

"வர்றதா இல்லியான்னு நானே சொல்றேன் மாரிண்ணா" என்றான் சாலமன் போனைப் பார்த்து.

அங்கேயே, சாலமன் வீட்டுக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், சத்தியநாதன் எழுதினார். முதல் வரியிலேயே சாலமன் என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டபோது இந்தத் தடவை பேனா பிசிறியது. ஜீவிதா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"டீ ஆறுது, குடிங்க சார்" என்றான் சாலமன்.

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் பழையபடி 'அண்ணா' என்று கூப்பிடுவான் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவன் கூப்பிடவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.